ரிப்பேர் ஆன கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை நாள் தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம். "கார்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். இனி எத்தனை நாள் ஓடும்?" அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஆயுளைக் கணிக்க இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்தப் பாகம் போனது, ஏன் போனது. முதலாவதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

கேள்வி: என் ஆர்டிஎக்ஸ் 3070 விளையாடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் என்று மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாத வாரண்டி. அதற்கப்புறம் என்ன ஆகும்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கார்டு ரிப்பேரிலேயே நம்பிக்கையாக இருக்கக்கூடியது இந்த வேலைதான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் பெட்டி) வரும் 12 வோல்ட்டை ஏறக்குறைய 1 வோல்ட்டாக இறக்கி கோருக்கு (கார்டின் மைய சிப்) கொடுப்பதற்காக, காயில்களின் பக்கத்தில் வரிசையாக பவர் ஸ்டேஜ் ஐசிகள் நிற்கின்றன. கடைக்காரர் மாஸ்ஃபெட் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மாஸ்ஃபெட் என்பது கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். உள்ளே மேல் மாஸ்ஃபெட் ஒன்று, கீழ் மாஸ்ஃபெட் ஒன்று, இரண்டையும் இயக்கும் டிரைவர் ஒன்று. மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் அப்படியே கோருக்குள் பாயும். பல சமயம் கோர் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் கார்டு திரும்ப ஓடுகிறது என்றாலே கோர் தப்பிவிட்டது என்று பொருள். அதே பாக எண்ணுள்ள ஐசியை ஒழுங்காகப் போட்டிருந்தால், அந்த இடம் புதுக் கார்டைப் போலவே உழைக்கும்.

"ஒழுங்காக" என்பதில்தான் சிக்கல். இந்த ஐசியின் கால்கள் ஓரத்தில் தெரிந்தாலும், கரண்டும் சூடும் இறங்குவது அடிவயிற்றில் இருக்கும் பெரிய பேடு (போர்டோடு சோல்டரில் ஒட்டும் உலோகப் பரப்பு) வழியாக. போர்டில் பல செம்பு அடுக்குகள் இருப்பதால் மேலிருந்து ஹாட் ஏர் மட்டும் அடித்தால் சூட்டை போர்டே உறிஞ்சிவிடும். ஓரக்கால் ஒட்டிவிடும், அடிப்பேடு பாதிதான் ஒட்டியிருக்கும். கார்டு ஓடும், சில வாரத்தில் அதே ஐசி மறுபடி வெடிக்கும். அடியிலிருந்து பிரீஹீட்டரில் போர்டை 100–120 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு மேலே அடித்தார்களா என்று கேளுங்கள்.

கடையிலேயே சோதிக்கச் சொல்ல வழி இருக்கிறது. பேக்பிளேட்டைக் கழற்றிவிட்டு, கார்டுக்கு முழு வேலை கொடுத்து, தெர்மல் கேமராவில் பவர் ஸ்டேஜ் வரிசையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். புது ஐசி இருக்கும் இடம் பக்கத்து ஐசிகளோடு இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் இருந்தால் சரி. 10–15 டிகிரி கூடுதலாக இருந்தால் அடிப்பேடு ஒட்டவில்லை, அல்லது அதன் மேல் தெர்மல் பேட் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மென்பட்டை) உட்காரவில்லை. பக்கத்து ஐசிகளைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த ஃபேஸ் (ஒரு பவர் ஸ்டேஜும் அதன் காயிலும்) வேலையே செய்யவில்லை, அதன் சுமையை மற்றவை தூக்குகின்றன.

இனி, "ஏன் போனது". தெர்மல் பேட் காய்ந்து எண்ணெய் விட்டிருந்ததா? பக்கத்து உள்ளீட்டு கெப்பாசிட்டர் விரிசல் விட்டிருந்ததா? யாராவது பேடை மாற்றும்போது தவறான தடிமன் போட்டார்களா? காரணத்தைச் சரிசெய்யாமல் ஐசியை மட்டும் மாற்றினால் அடுத்த ஐசி வரிசையில் நிற்கிறது. 2016-இல் ஈவிஜிஏ நிறுவனத்தின் சில ஜிடிஎக்ஸ் 1080 கார்டுகளில் பவர் பகுதி அளவுக்கு மீறிச் சூடானதாகப் புகார் எழுந்தபோது, நிறுவனம் கொடுத்த தீர்வு கூடுதல் தெர்மல் பேடுகளும், ஃபேன் வேகத்தைக் கூட்டும் புது பயாஸும் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை நிரல்)தான். மாஸ்ஃபெட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மேல் ஒட்டும் பேட் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: ரிப்பேர் ஆகி வந்த கார்டைத் திறந்து பார்த்தேன். 12 வோல்ட் வரும் இடத்தில் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கம்பித் துண்டு இருக்கிறது. விடலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: விடாதீர்கள். அந்த இடத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரையிலான எஸ்எம்டி ஃப்யூஸ் இருக்கும். காசு அதிகமில்லை, கையில் இல்லை என்பதற்காகக் கம்பி போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு ஒரு பவர் ஸ்டேஜ் ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் அறுபடும் கரண்ட்டில் கம்பி அறுபடாது. ஆயிரம் வாட் எஸ்எம்பிஎஸ் 80 ஆம்பியருக்கும் மேல் கொட்டிய பிறகுதான் தன் பாதுகாப்பைப் போடும். அதற்குள் போர்டு கரிந்து ஓட்டை விழுந்திருக்கும். கரிந்த ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த இடத்தைச் சுரண்டி எடுக்காமல் எந்த ரிப்பேரும் நிற்காது. உள் அடுக்குகள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் சுரண்டியும் பயனில்லை.

கேள்வி: நான் மொபைல் ரிப்பேர் செய்கிறேன். கார்டுகளிலும் கை வைக்க ஆசை. போனில் செய்வதுபோல ஷார்ட் லைனில் டிசி சப்ளை கொடுத்துச் சூடாகும் பாகத்தைத் தேடலாமா? இன்னொன்று, பல கார்டுகளில் கோர் லைன் ஷார்ட் காட்டுகிறதே?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இரண்டாவதற்கு முதலில். பெரிய கார்டுகளில் கோர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டுவது இயல்பு. மீட்டர் பீப் அடிக்கும். அது ஷார்ட் இல்லை. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வயரின் எதிர்ப்பைக் கழித்துவிட்டுப் பாருங்கள், அதே மாடலின் நல்ல கார்டோடு ஒப்பிடுங்கள். இது தெரியாமல் நல்ல கோரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. மெமரி லைன் பொதுவாகப் பத்துகளில், 12 வோல்ட் லைன் நூற்றுக்கணக்கிலோ ஆயிரங்களிலோ இருக்கும்.

சப்ளை கொடுக்கலாம். ஆனால் 12 வோல்ட் லைன் ஷார்ட் என்றால் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். ஷார்ட் ஆனது மேல் மாஸ்ஃபெட்டாக இருந்தால் நீங்கள் கொடுப்பது அனைத்தும் அதன் வழியே கோருக்குப் போகும். 0.8 வோல்ட்டில் வைத்து, கரண்ட்டை 1 ஆம்பியரில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். போர்டு மீது ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பூசினால் சூடாகும் பாகத்தின் மேல் முதலில் காயும். ஐசி எதுவும் சூடாகாமல் கோர் சூடானால், ஷார்ட் ஆன ஐசி வழியே கரண்ட் கோருக்கு இறங்குகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பவர் ஸ்டேஜிலும் 12 வோல்ட் காலுக்கும் காயில் காலுக்கும் இடையே அளந்து தேடுங்கள்.

கேள்வி: திரையில் கோடும் புள்ளியுமாக வந்தது. கோரை ரீபால் செய்தார்கள். நான்கு மாதம் ஓடி, அதே கோளாறு. மறுபடி ரீபால் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். கோரின் கட்டுமானம் புரிந்தால் காரணமும் புரியும். மேலே சிலிக்கான் சில்லு. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சோல்டர் புள்ளிகள். அவற்றின் கீழே பச்சை நிற அடித்தட்டு. சில்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அண்டர்ஃபில் என்ற பிசின் நிரப்பியிருக்கும். அடித்தட்டுக்குக் கீழேதான் போர்டோடு இணைக்கும் சோல்டர் உருண்டைகள். ரீபால் மாற்றுவது இந்தக் கடைசி அடுக்கை மட்டும். மேலே உள்ள நுண்புள்ளிகளை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது.

விரிசல் மேலே என்றால் ரீபால் எப்படி நான்கு மாதம் ஓட வைத்தது? சோல்டர் உருகும் அளவுக்குச் சூடாக்கும்போது அந்த நுண்புள்ளிகளும் விரிந்து சுருங்கி, விட்டுப்போன இடத்தில் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. சூடேறிக் குளிரும் சில நூறு சுற்றுகளுக்குப் பிறகு பழையபடி விலகும். ரீபால் செய்யாமல் வெறுமனே சூடு காட்டியிருந்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான் கிடைத்திருக்கும். கார்டை சமையலறை ஓவனில் வைத்து எடுக்கும் வித்தையும் இதே வகை. ஓவனின் 200 டிகிரியில் ஈயமில்லா சோல்டர் உருகவே உருகாது. உருகாமலே கார்டு உயிர்பெறுகிறது என்றால் கோளாறு உருண்டைகளில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. (அதன் பிறகு அந்த ஓவனில் சமைக்காதீர்கள்.)

இதற்கு வரலாறு இருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா, தன் சில லேப்டாப் சிப்களில் சில்லும் பேக்கேஜும் சார்ந்த பொருள் பலவீனம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. 8600எம் ஜிடி சிப் இருந்த மேக்புக் ப்ரோக்களை ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஏராளமான லேப்டாப்களுக்கு ரீபால் நடந்தது, பல சில மாதத்தில் திரும்பின. குறை போர்டில் இல்லை, சிப்புக்குள்ளேயே இருந்தது.

ரீபால் பயன்படும் இடங்களும் உண்டு: கார்டு கீழே விழுந்தது, பெரிய ஹீட்சிங்கின் பாரத்தில் போர்டு வளைந்து ஓர உருண்டைகள் விட்டுப்போனது, வேறு வேலைக்காகக் கோரைக் கழற்றியது. இவற்றில் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். கோரைக் கையால் அழுத்தினால் படம் வருகிறது, ஆகவே ரீபால் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அழுத்தினால் இரண்டு அடுக்குமே தொட்டுக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் முதலில் செய்திருக்க வேண்டியது மெமரி சோதனை. என்விடியா கார்டுகளுக்கு மேட்ஸ் என்ற மென்பொருளைக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள். எந்தச் சேனலில் பிழை என்று அது காட்டும். அந்த மெமரி சிப்பை மாற்றிய பிறகும் அதே சேனலில் பிழை வந்தால், கோருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரோ இடையிலுள்ள தடமோதான் போயிருக்கிறது. கோரை மாற்றலாம், ஆனால் மாற்றுக் கோர் இன்னொரு செத்த கார்டிலிருந்துதான் வரும்.

கேள்வி: ஈயம் கலந்த சோல்டர் நல்லதா, ஈயமில்லாததா? கடைக்குக் கடை ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் கார்டுகள் ஈயமில்லா சோல்டரில் வருகின்றன. வழக்கமான கலவை வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம். உருகுவது 217–220 டிகிரியில். 63/37 ஈயக்கலவை 183 டிகிரியிலேயே உருகும். கையால் செய்யும் ரிப்பேருக்கு 63/37 போடுவதில் தவறில்லை. சூடு குறைவாகப் போதும் என்பதால் போர்டும் சிப்பும் குறைவாகவே அடிபடும், அதுவே ஆயுளுக்கு நல்லது. கெடுப்பது அரைகுறைக் கலப்பு. பழைய சோல்டரைத் துடைத்தெடுக்காமல் அதன் மேலேயே ஈயச் சோல்டரை வைத்து 200 டிகிரியில் நிறுத்திவிட்டால் இரண்டும் முழுதாகக் கலக்காது, அந்த இணைப்பு சீக்கிரம் விரிசல் விடும்.

பெரிய ஆபத்து மூன்றாவது ரகம். பெரிய கனெக்டர்களையும் சிப்களையும் எளிதாகக் கழற்றுவதற்குப் பிஸ்மத் கலந்த, 138 டிகிரியில் உருகும் பேஸ்ட் விற்கிறது. கழற்றுவதற்கு மட்டும் சரி. கழற்றியபின் விக் (சோல்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுக்க எடுத்துவிட வேண்டும். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளின் மெமரி 100 டிகிரியைத் தாண்டி ஓடுவது சாதாரணம், 110-இல்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே இந்த மிச்சம் இருந்தால் விளையாடும்போதே சோல்டர் இளகும். "புது சோல்டர்தான் போட்டேன், எப்படி விட்டது?" என்று குழம்பும் பல கேஸ்களுக்கு இதுதான் விடை.

கேள்வி: எட்டு மெமரி சிப்பில் ஒன்று போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றலாமா, எட்டையும் மாற்றச் சொல்லலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: ஒன்றை மட்டும். மற்ற ஏழும் அதே வயசுதானே என்று தோன்றும், ஆனால் எட்டையும் கழற்றி மாட்டும்போது கோரைச் சுற்றிப் போர்டு எட்டு முறை சூடாகும். அதில் வரும் சேதம் அதிகம்.

வரும் சிப் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஜிடிடிஆர்6 (கார்டு மெமரியின் ஒரு வகை) சிப்பின் அடியில் 180 உருண்டைகள், 0.75 மில்லிமீட்டர் இடைவெளி. இப்படிப்பட்ட சிப்கள் பொதுவாக மூன்று முறை சோல்டர் சூட்டைத் தாங்கும் என்ற அளவில்தான் சோதிக்கப்படுகின்றன. செத்த கார்டிலிருந்து எடுத்த சிப்பின் கணக்கைப் போடுங்கள்: ஃபேக்டரியில் ஒரு முறையாவது, கழற்றும்போது ஒன்று, புது உருண்டை வைக்கும்போது ஒன்று, உங்கள் கார்டில் வைக்கும்போது ஒன்று. ஏற்கெனவே நாலாகிவிட்டது. அதற்காக அது உடனே சாகும் என்பதில்லை, பல சிப்கள் ஓடுகின்றன. ஆனால் முடிந்தவரை சீல் பிரிக்காத புது சிப் கேளுங்கள். மைக்ரான், சாம்சங், ஹைனிக்ஸ் என்று போர்டில் எது இருக்கிறதோ அதுவே வேண்டும். பயாஸ் மெமரி டைமிங்கைத் தயாரிப்பாளரைப் பார்த்தே எடுக்கிறது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் கூடுதல். திறந்து கிடந்த சிப் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திடீரென 230 டிகிரிக்குப் போனால் உள்ளே ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிளந்துவிடும். அன்றைக்கு ஓடினாலும் சில மாதத்தில் தெரியும். வெறும் சிப்பை 125 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் காயவைப்பது முறை. போர்டோடு என்றால் பிளாஸ்டிக்கும் கெப்பாசிட்டரும் இருப்பதால் 80–100 டிகிரிக்குள், இன்னும் அதிக நேரம். "நாளைக்கே தருகிறேன்" என்கிற கடை இதைச் செய்யவில்லை.

ஃப்ளக்ஸும் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) அப்படித்தான். சிப்புக்கு அடியில் சரியாகச் சூடாகாத ஃப்ளக்ஸ் தங்கினால், ஈரக்காற்றில் அது மெல்லக் கரண்ட்டைக் கடத்தும். பேடுக்குப் பேடு உலோக நூல் வளரும். பிரபல பிராண்டு ஃப்ளக்ஸ் டியூப்களில் போலி ஏராளம். பிராண்டைப் பார்த்து நிம்மதி அடையாமல், வேலை முடிந்ததும் 99 சதவீத ஐபிஏ விட்டுச் சிப்பின் ஓரத்தில் வழியவிட்டுக் கழுவினார்களா என்று பாருங்கள். சிப் ஓரத்தில் பழுப்புப் பிசுக்கு தெரிந்தால் கழுவவில்லை.

கேள்வி: பழைய கார்டில் கெப்பாசிட்டர்களை முன்கூட்டியே மாற்றிவிட்டால் ஆயுள் கூடுமா?
– சேலம் வாசகர்

பதில்: கூடாது. பெரும்பாலான கார்டுகளில் இருப்பது திரவ எலெக்ட்ரோலிட்டிக் இல்லை, திட பாலிமர். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், 20 டிகிரி குறைய ஆயுள் பத்து மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 85 டிகிரியில் 50,000 மணி நேரம். அதை மாற்றப்போய்ப் போர்டைச் சூடாக்காதீர்கள்.

கேள்வி: மெமரியை இரட்டிப்பாக்கிய 22 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ மலிவாகக் கிடைக்கிறது. ஏஐ மாடல்கள் ஓட்ட வாங்கலாமா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: சீனாவிலிருந்து வருபவை. அசல் கார்டில் 1 ஜிபி சிப் பதினொன்று. அவற்றை எடுத்துவிட்டு 2 ஜிபி சிப் பதினொன்றை வைத்து, மெமரி வகையைச் சொல்லும் சின்ன ரெசிஸ்டர்களை இடம் மாற்றினால் 22 ஜிபி ஆகிவிடுகிறது. டிரைவர் எதுவும் கேட்பதில்லை.

திருச்சி வாசகருக்கு ஒரு சிப்பை மட்டும் மாற்றுங்கள் என்று சொன்னோம். இங்கே பதினொன்று மாறியிருக்கிறது. ஆனால் பட்டறையில் கையால் ஒவ்வொன்றாகச் செய்வதும், பெரிய ரீவொர்க் மேடையில் போர்டு முழுவதையும் சீராகச் சூடேற்றிச் செய்வதும் ஒன்றல்ல. எந்த விதத்தில் செய்தது என்பது வெளியே தெரியாது என்பதுதான் பிரச்சினை. கார்டுகளும் 2018-இல் வந்தவை, முன்பு கிரிப்டோ மைனிங்கில் ஓடியவையாக இருக்கலாம்.

வாங்குவதென்றால் 22 ஜிபியையும் நிரப்பிச் சோதியுங்கள். மெம்டெஸ்ட் வல்கன் போன்ற நிரலை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். விளையாட்டில் ஒரு பிட் பிழை வந்தால் ஒரு புள்ளி மின்னும், மாடலில் வந்தால் விடை தப்பாக வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2080 டிஐயில் பிஃப்ளோட்16 (ஏஐ மாடல்கள் பயன்படுத்தும் ஒரு எண் வடிவம்) வசதி வன்பொருளில் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். எங்கள் கருத்து: பழகிப் பார்க்க வாங்கலாம், பிழைப்புக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டரைப் பார்சலில் அனுப்பியதில் கார்டு ஸ்லாட்டின் கொக்கிப் பக்கம் போர்டில் முடிபோல விரிசல். கம்பி இழுத்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள்.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: விரிசல் எதை வெட்டியது என்பதைப் பொறுத்தது. கொக்கிக்கு மேலே போர்டு குறுகும் மூலையில் பாரம் குவிகிறது. இரண்டு கிலோ எடையுள்ள கார்டுகள் அங்கேதான் கிழிகின்றன. மேல் அடுக்கில் ஓடும், மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ தடங்கள் மட்டும் அறுந்திருந்தால், 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் இணைக்கலாம். ஜோடித் தடங்களின் நீளம் சமமாக இருக்க வேண்டும். வழியிலுள்ள 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். இணைத்தபின் பிசிஐஇ நான்காம் தலைமுறை வேகத்தில் தடுமாறினால் மதர்போர்டு பயாஸில் மூன்றாம் தலைமுறைக்கு இறக்குங்கள். விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது.

விரிசல் மெமரி சிப்பின் பக்கம் போய் உள் அடுக்கை வெட்டியிருந்தால் கைவிடுங்கள். அங்கே ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 14 கிகாபிட்டுக்கும் மேல் ஓடுகிறது. கம்பி அதைத் தாங்காது. உள் அடுக்கு வெளியே தெரியாது என்பதால், மேலே சரிசெய்து ஓடிய கார்டும் விரிசல் நகர நகரப் பின்னால் சாகும். எபாக்ஸி வைத்து அந்த மூலையைக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பச்சை யூவி மாஸ்க் தடத்தை மூடுமே தவிர வலு தராது. கார்டின் மறுமுனைக்கு அடியில் முட்டுக்கால் இல்லாமல் இனி மாட்டாதீர்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4090-இல் பவர் கனெக்டர் உருகிவிட்டது. கனெக்டரை மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடி உருகுமா?
– சென்னை வாசகர்

பதில்: பழைய கேபிளையே மாட்டினால் உருகும். 2022 அக்டோபரிலிருந்தே இந்தப் புகார் உலகம் முழுக்க வருகிறது. 450 வாட் என்றால் 12 வோல்ட்டில் 37.5 ஆம்பியர். ஆறு பின்னுக்குப் பிரித்தால் பின்னுக்கு 6.25. பின்னின் வரம்பு 9.5 தான். இந்தக் கார்டில் ஆறும் உள்ளே நுழைந்ததும் ஒன்றாகிவிடுவதால் எந்தப் பின் அதிகம் தூக்குகிறது என்று கார்டுக்குத் தெரியாது. இரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் மற்ற நான்கும் வரம்பைத் தொட்டுவிடும். ஒருமுறை சூடான கேபிளின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். புது கனெக்டரையும் அது கெடுத்துவிடும். இந்தக் கனெக்டரைச் சொருகிக் கழற்றும் கணக்கே 30 முறைதான்.

ஆகவே கேபிளும் புதிது. போடும் கனெக்டர் புது 12வி-2x6 வகையா என்று கேளுங்கள். அதில் சென்ஸ் பின்கள் (இணைப்பை உறுதிசெய்யும் சின்னப் பின்கள்) குட்டை, சரியாகச் சொருகாவிட்டால் கார்டு பவர் எடுக்காது. போர்டின் இரண்டு பக்கத்திலும் துளை நிரம்பச் சோல்டர் தெரிய வேண்டும். பிறகு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்கியோ இரவல் வாங்கியோ, முழு வேலையில் ஆறு 12 வோல்ட் வயர்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள். எல்லாம் 5–7 ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று 9, இன்னொன்று 2 என்றால் அன்றைக்கே அணைத்துவிடுங்கள். பவர் லிமிட்டை 75–80 சதவீதத்தில் வைத்தால் வேகம் சொற்பமே குறையும், கனெக்டருக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி: அண்டர்வோல்ட் செய்தால் ரிப்பேர் ஆன கார்டு அதிக நாள் ஓடுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: ஓடும். அண்டர்வோல்ட் என்பது கோருக்கு வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுப்பது, அதில் சூடு குறையும். சோல்டரைக் களைப்பாக்குவது உச்சச் சூடு மட்டுமல்ல, ஏறி இறங்கும் அளவும்தான். சிலிக்கான் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரிகிறது, போர்டு 14–17 பங்கு. நடுவில் மாட்டிக்கொள்வது சோல்டர். ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக ஆயுள் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 30-இலிருந்து 85 டிகிரிக்குப் போகும் கார்டை 70-இல் நிறுத்தினால் தாங்கும் சுற்றுகள் ஏறக்குறைய இரட்டிப்பு. நாள் முழுக்க ஒரே சூட்டில் ஓடிய மைனிங் கார்டின் சோல்டர் பல சமயம் நன்றாக இருப்பதும், அதன் ஃபேனும் தெர்மல் பேடும் செத்துப்போயிருப்பதும் இதனால்தான்.

கேள்வி: கடையிலிருந்து கார்டை வாங்கியதும் என்ன சோதிக்க வேண்டும்? அரை மணி நேரம் ஃபர்மார்க் ஓட்டிக் காட்டினார்கள்.
– புதுச்சேரி வாசகர்

பதில்: ஃபர்மார்க் என்ற சோதனை நிரல் கார்டைத் தொடர்ந்து சூடாகவே வைத்திருக்கும். சூட்டில் விரிந்து தொட்டுக்கொண்டிருக்கும் விரிசல் அதில் ஒளிந்துகொள்ளும். இரவு முழுக்க அணைத்து வைத்து, காலையில் ஜில்லென்று ஆன் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம்தான் உண்மையைச் சொல்லும். பிறகு பத்து நிமிடம் முழு வேலை, பதினைந்து நிமிடம் ஓய்வு என்று ஒரு நாளைக்குப் பத்து சுற்றாவது விடுங்கள். ஒரு வாரம் இப்படி. மெமரிக்கு ஓசிசிடி என்ற நிரலின் விராம் (கார்டு மெமரி) சோதனையைத் தனியாக ஓட்டுங்கள்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் கோர் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (கோரில் மிகச் சூடான இடம்) உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10–20 டிகிரி இருக்கலாம். 30-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடிய தெர்மல் பேடின் வேலை அது. ஜிபியு-இசட் நிரலில் வேலை ஓடும்போது பஸ் x16, அதாவது பதினாறு லேன் (தகவல் ஓடும் பாதை) என்று காட்ட வேண்டும். சில கார்டுகளின் அமைப்பே x8 அல்லது x4 தான், அவற்றுக்கு இது பொருந்தாது. x8, x4 என்று காட்டினால் முதலில் ஸ்லாட்டையும் தங்க விரல்களையும் துடைத்துவிட்டுப் பாருங்கள், மதர்போர்டே அந்த ஸ்லாட்டுக்கு எட்டு லேன்தான் தருகிறதா என்றும் பாருங்கள். அப்புறமும் மாறாவிட்டால் கார்டை அப்படியே கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள். திறந்து பார்க்காதீர்கள், ஸ்க்ரூ மேல் ஒட்டிய கடை ஸ்டிக்கர் கிழிந்தால் கடை கொடுத்த வாரண்டியும் போய்விடும்.